இரண்டாவது பொட்டலம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு, இருளப்பசாமி எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதைப் பாண்டீஸ்வரி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன் பக்கத்து வீட்டுக்காரி கிருஷ்ணன்கோவில் காலேஜ் ஹாஸ்டல் ஆபீசில் வேலை பார்ப்பதும், தினமும் என் விதைக்கடை வாசலில் பஸ் மாறுவதும் நல்லதாகப் போயிற்று. நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் காதில் பாதிதான் விழும், அது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை ராஜபாளையம் வீட்டில் கொண்டுவந்து விட்டு இரண்டு வாரம் ஆகப்போகிறது. நேற்று வந்து பார்க்கலாம் என்று சட்டையை மாட்டினேன். அதற்குள் பாண்டீஸ்வரி கடைக்கு வந்து, "அத்தை உங்கள இப்போதைக்கு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடையில் என் மகன் கௌதம்ராஜும் ரெண்டு சேத்தூர்க்காரர்களும் நின்றார்கள். மாட்டின சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நான் என்ன செய்துவிட்டேன் அக்கா? எழுபத்தாறு வயதில், எண்பத்தொரு வயது அக்காவோடு முறைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. பொங்கல் முடிந்த வாரம் உனக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து மதுரையில் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே என் இடுப்பு போய்விட்டது. டாக்டரம்மா சொன்னதை நானாகக் கட்டிச் சொல்லவில்லை. இது ஹார்ட் அட்டாக்தான், ஆனால் அந்த நிமிஷமே ஓடிப்போய் அடைப்பைத் திறக்க வேண்டிய வகை இல்லை, இந்த வயதுக்கு இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். ஆஞ்சியோ செய்து, அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைக்கலாம். இல்லாவிட்டால் மாத்திரையிலேயே கொண்டுபோகலாம். "ஆயுசுன்னு பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைங்க. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். உனக்குப் பிள்ளை இல்லை, அத்தானும் போய்ச் சேர்ந்தாயிற்று. வீடு என்றால் நீயும் நானும்தானே.

அதனால்தான் நம் குலசாமியிடம் பூப்போட்டுப் பார்த்தேன். வன்னியம்பட்டிக்குப் போய், வெள்ளரளி ஒரு பொட்டலம், சிவப்பரளி ஒரு பொட்டலம் கட்டி சாமி காலடியில் வைத்து, கோயிலுக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை என்றால் ஆஞ்சியோ, சிவப்பு என்றால் மாத்திரை. பிள்ளை எடுத்துக் கொடுத்ததை உன் கட்டிலில் வைத்து உன் கண் முன்னால்தான் பிரித்தேன். சிவப்பு வந்தது. நீயும் சரி என்றாய். இப்போது என்ன கோபம்?

மாத்திரையை விடாதே. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைச் சோறு சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். என் மஞ்சள் பையை உன் வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். ஃபிளாஸ்க் அதில்தான் இருக்கிறது. பையைக் குடையாமல் அப்படியே பாண்டீஸ்வரியிடம் கொடுத்துவிடு. உள்ளே வேறு ஒன்றுமில்லை.

இருளப்பசாமி


ராஜபாளையம்
12.2.2025

தம்பிக்கு,

நீ சொல்வதற்கு முன்பே குடைந்தாயிற்று. ஃபிளாஸ்கைக் கழுவி வைப்போம் என்று எடுத்தேன். அடியில் உன் கண்ணாடிக் கூடும், ஆஸ்பத்திரிச் சீட்டும், ஒரு பொட்டலமும் கிடந்தன. நீ என்னிடம் பிரித்துக் காட்டியது ஒன்று. பிரிக்காமல் வைத்திருந்தது இது. நான் பிரித்தேன்.

பூ காய்ந்துதான் போயிருந்தது. அதற்காக அரளியின் நிறம் தெரியாமல் போகுமா? சிவப்பு. ஆக, அந்தப் பிள்ளை எதை எடுத்திருந்தாலும் எனக்கு மாத்திரைதான் என்று வன்னியம்பட்டிக்குப் போகும் முன்பே நீ முடிவு செய்திருக்கிறாய். சாமிக்கும் பெயர் இருளப்பசாமி, உனக்கும் இருளப்பசாமி. பெயர் கொடுத்த சாமியிடமே கைவரிசையைக் காட்டியிருக்கிறாய்.

எனக்குக் கோபம் சாமிக்காக இல்லை. அவர் பார்த்துக்கொள்வார். நீ கேட்டிருக்க வேண்டியது என்னை. டாக்டரம்மா என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உன்னிடம் பேசினார்கள். "கூட வந்த ஆம்பள ஆள் யாரு?" என்று நர்ஸ் கேட்டதும் நீ எழுந்து நின்றாய். நான் படுத்திருந்தேனே தவிர எனக்குக் காது கேட்டது. காது கேட்காதவன் நீ. அவர்கள் சொன்னதில் பாதியை உன் கடிதத்தில் விட்டுவிட்டாய். "ஸ்டென்ட் வச்சா மறுபடி அட்டாக் வாரது கொஞ்சம் குறையும், ஆனா கிட்னியையும் ரத்தக்கசிவையும் யோசிக்கணும்" என்றும்தான் சொன்னார்கள். ஆயுசு நீளாது என்றதும் எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. அது நீண்டு என்ன செய்ய? மறுபடி வருவது கொஞ்சம் குறையும் என்றார்களே, எனக்கு வேண்டியது அந்தக் கொஞ்சம்தான். வாயைத் திறந்து கேட்டிருப்பேன். அதற்குள் நீ, "செத்த பொறு அக்கா, சாமிகிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டாய். திரும்பி வந்து சிவப்பைக் காட்டினாய். சாமியே சொல்லிவிட்டதென்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபிளாஸ்கை மட்டும் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பையும் பொட்டலமும் என்னிடம் இருக்கட்டும்.

இசக்கியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபிளாஸ்க் வந்தது. கட்டைப் பிரிப்பதற்குள் டீ நேரம் போய்விட்டது. சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் முப்பது வருஷம் பண்டல் கட்டின கை உனக்கு. இரட்டை முடிச்சுப் போட்டு முனையை உள்ளே சொருகிவிட்டால் எவனால் பிரிக்க முடியும்? கௌதம்ராஜ் பிளேடு போட்டு அறுத்தான்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மாசி மாதம் என்று சொல்ல முடியாது. கடையில் வெண்டை விதை கேட்டு வருகிறார்கள், சரக்கு இன்னும் வரவில்லை. எனக்கும் முட்டி வலி.

நீ எழுதியிருந்ததைப் படித்தேன். பொட்டலம் கட்டியது பூசாரி. நான் பூவை வாங்கிக் கொடுத்ததோடு சரி. அவருக்கும் வயதாகிவிட்டது, கண் மங்கல். சிவப்பையே இரண்டு தடவை வைத்துக் கட்டிவிட்டார் போலிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எப்படி வந்தாலும் வந்தது வந்ததுதான். மாத்திரையில் நீ நன்றாகத்தானே இருக்கிறாய். பாண்டீஸ்வரி, "அத்தை வாசல் தெளிச்சுக் கோலம் போடுதாவ" என்றாள். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. ஓடுகிற வண்டியை எதற்கு அக்கா நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும்?

இருளப்பசாமி


ராஜபாளையம்
20.2.2025

தம்பிக்கு,

கோலம் போட்டது பாண்டீஸ்வரியின் மாமியார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி கட்டினால் வாழை நாரில் கட்டுவார், இலையில் மடிப்பார். இது தாளில் மடித்துக் கடை நூலில் கட்டியிருக்கிறது. தாளில் "கத்தரி, நாட்டு ரகம்" என்று பாதி எழுத்து தெரிகிறது. பூசாரி கத்தரி விதை விற்கிறாரா? பொய் சொல்வதென்றால் அதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உனக்கு அதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கும் உன்னைப் பிடித்து உலுக்க அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வலி வந்தது பட்டப்பகலில். அடுப்பில் பால் இருந்தது. நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது, கால் மடங்கித் தரையில் விழுந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கேஸ் வாடை வருகிறது, எட்டி அடுப்பை மூட முடியவில்லை. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போகிறாள். "ஏட்டி, இங்க வாயேன்" என்று கூப்பிடுகிறேன், சத்தம் பல்லைத் தாண்டி வரவில்லை. சேலை நனைந்துவிட்டது. எண்பத்தொரு வயதில் நான் அப்படிக் கிடந்தேன். அடுப்புக்குக் கீழே எப்போதோ உருண்டுபோன ஒரு வெங்காயம் முளைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டீஸ்வரியின் மாமியார் உறை மோர் கேட்டு வந்ததால் பிழைத்தேன். அன்றைக்கு அவள் வீட்டில் மோர் மீந்திருந்தால் நீ காரியத்துக்குத்தான் வந்திருப்பாய்.

சாவு வந்தால் வரட்டும். எனக்குப் பயம் அந்தத் தரைதான். இரண்டாம் தடவை அங்கே கிடக்க என்னால் முடியாது. அதற்காகத்தான் அந்தக் கொஞ்சம் எனக்கு வேண்டியிருந்தது. இனிமேல் பூசாரி கதை எழுதாதே. உள்ளதை எழுது, இல்லாவிட்டால் எழுதாமல் இரு.

இசக்கியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.3.2025

அக்கா,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து எழுதினால் கௌதம்ராஜ் பார்க்கிறான். வீட்டில் உட்கார்ந்தால் என் வீட்டுக்காரி வெள்ளத்தாய் படத்திலிருந்து பார்க்கிறாள். கடைசியில் பெரிய கோயில் குளத்துப் பக்கம் வந்து படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பூசாரி கட்டவில்லை. நான்தான் கட்டினேன்.

வெள்ளையும் சிவப்பும் இரண்டும் வாங்கிக்கொண்டுதான் போனேன். அதை நீ நம்ப வேண்டும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முதலில் சிவப்பைக் கட்டினேன். பிறகு வெள்ளையை எடுத்தேன். எடுத்ததும் வெள்ளத்தாய் நினைவு வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது பெரிய அட்டாக், உனக்கு வந்தது வேறு வகை என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் கையெழுத்துக் கேட்டு நீட்டுகிற பேப்பர் ஒன்றுதானே அக்கா. அதே மாதிரி பேப்பர், கீழே அதே மாதிரி கோடு.

அன்றைக்கு அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிருவோமா?" என்று கேட்டாள். நான், "செத்த நேரந்தான், கண்ண மூடிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அடைப்பைத் திறந்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். பிறகு கிட்னி நின்றுவிட்டது. மெஷினில் போட்டார்கள். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் இதயம் ரொம்பக் கெட்டுப்போய்விட்டது, ஸ்டென்டினால் இல்லை என்று டாக்டர்கள் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார்கள். புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அவள் வீட்டுக்குப் போவோம் என்று கேட்டாள், நான் கண்ணை மூடச் சொன்னேன். போன வருஷம் கடையில் ஏதோ சரக்கு விஷயமாக எனக்கும் மகனுக்கும் வாக்குவாதம் வந்தது. "அம்மா விஷயத்துல மாதிரி எல்லாத்துலயும் நீங்களே கையெழுத்துப் போட்டுருவிய" என்றான். அவன் அதை மறந்திருப்பான். நான் மறக்கவில்லை.

வெள்ளைப் பூவைச் சாமிக்கே சாத்திவிட்டு, மிச்சமிருந்த சிவப்பை எடுத்து இரண்டாவது பொட்டலத்தையும் கட்டினேன். சாமி என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

மிஞ்சின பொட்டலத்தை ஏன் வைத்திருந்தேன் என்று கேட்பாய். சாமி காலடியில் இருந்து எடுத்தது. ரோட்டில் போடக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் வெள்ளத்தாய் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், அதற்கும் முடியவில்லை. பையிலேயே கிடந்துவிட்டது.

நீ தரையில் கிடந்ததை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை? "மயக்கமா இருந்துச்சு, பாண்டீஸ்வரி வீட்ல பார்த்துட்டாவ" என்றுதானே சொன்னாய். அந்த வெங்காயம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இருளப்பசாமி


ராஜபாளையம்
9.3.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெள்ளத்தாய் வீட்டுக்குப் போவோமா என்று கேட்டது எனக்குத் தெரியாது. நானும் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன், காபி வாங்கக் கீழே இறங்கியிருந்தேன். நாலு வருஷமாக நீ இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. வருத்தம்தான் இருக்கிறது.

ஆனால் என் பாடு அப்படியேதான் இருக்கிறது. கொடியில் ஒரு சேலையை விரித்துப் போட்டால் நெஞ்சைப் பிடிக்கிறது. நாக்கடியில் மாத்திரையை வைத்தால் போகிறது. இந்த வாரம் மூன்றாம் தடவை. ரத்தம் உறையாத மாத்திரையால் கை முழுக்கக் கன்றிப்போய்க் கிடக்கிறது, பூனைக்குட்டி உரசினால்கூடக் கருப்பு. நேற்று பாண்டீஸ்வரி இங்கே இருக்கிற இதய டாக்டரிடம் கூட்டிப்போனாள். உள்ளே போனதும் அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "என்கிட்ட பேசுங்க தம்பி, நோய் எனக்குத்தான்" என்று உட்கார்ந்தேன். சின்ன வயசுக்காரர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

மாத்திரை தப்பான வழி இல்லை என்றார். என் வயசுக்காரர்கள் பலபேருக்கு அதுவே போதுமாம். "உங்களுக்கு அதையும் மீறி வலி வருது. அதனால இப்ப ஆஞ்சியோ பார்க்கிறதுல அர்த்தம் இருக்கு" என்றார். மணிக்கட்டு வழியாகத்தான் குழாய் போகுமாம். கிட்னிக் கணக்கு கொஞ்சம் கூட இருக்கிறது, முன்கூட்டியே தண்ணீர் ஏற்றி, சாய மருந்தைக் குறைவாகப் போடுவார்களாம். ஒன்றும் ஆகாது என்று கையடித்துச் சொல்வீர்களா என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன் ஆச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

மதுரையில் அதே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 27ஆம் தேதி, வியாழக்கிழமை. என் கையெழுத்தை நான் போடுவேன். கூட இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். எனக்கு இருப்பது நீ.

இசக்கியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.3.2025

அக்கா,

கௌதம்ராஜிடம் சொன்னேன். காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன் என்றான். நல்ல பையன். நாள் முழுக்க உன்னோடு இருப்பான். கையெழுத்துப் போடக் குனிந்தாலே என் கை நடுங்குகிறது. விதைக்கடை பில்லில்கூட அவன்தான் போடுகிறான்.

நீ செய்துகொள்வதை நான் தடுக்கவில்லை. என்னை மட்டும் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார வைக்காதே. என்னால் முடியாது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அன்றைக்கு நான் சாமியிடம் கேட்கவே இல்லை. கேட்டதாகப் பாவனைதான் செய்தேன். இப்போதாவது முறையாகக் கேட்டால் என்ன? வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. இந்தத் தடவை நான் கட்டவில்லை. நீயே யாரையாவது வைத்துக் கட்டு. அவர் என்ன சொன்னாலும் நான் தலை வணங்குகிறேன்.

இருளப்பசாமி


ராஜபாளையம்
24.3.2025

தம்பிக்கு,

கௌதம்ராஜ் தங்கமான பையன். காரை ஓட்டிக்கொண்டு வரட்டும். ஆனால் அவன் கையெழுத்து எனக்கு வேண்டாம். உள்ளே விளக்கெல்லாம் போட்டு, முகத்தை மூடிக்கொண்டு நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் படுத்திருக்கும்போது, வெளியே நீ முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். அப்பா சாகும்போதும் நாம் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறதுடா. உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சாமியிடம் கேட்கலாம் என்றாய். கேட்டுவிட்டேன். நேற்று பாண்டீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வன்னியம்பட்டி போய்வந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டி, சாமி காலடியில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன். பூசாரி விபூதி கொடுக்கும்போது, "தம்பி வரலையா?" என்று கேட்டார். "முட்டி வலி" என்று சொன்னேன். அவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது, உன்னை இரண்டு மாதமாகக் காணோம் என்றார்.

இரண்டு பொட்டலத்தையும் பாண்டீஸ்வரியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். எடுக்கிற ஆள் சின்னப் பிள்ளை இல்லை, நீதான். சிவப்பு வந்தால் இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொடியில் சேலை காயப்போடாமல் கிடக்கிறேன். வெள்ளை வந்தால் வியாழக்கிழமை நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் அது சாமி போடச் சொன்னது, நீயாகப் போட்டது ஆகாது. உள்ளே எனக்கு என்ன நடந்தாலும் அது உன் கணக்கில் வராது. வெள்ளத்தாய்க்கு நடந்ததும் உன் கணக்கில் வந்ததில்லை, அதை நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய்.

ஒன்றை எடு. எடுத்ததை மட்டும் பிரி.

இசக்கியம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டீஸ்வரி கடை வாசலில் இறங்கி, கைப்பையிலிருந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கு எதுவும் தெரியாது மாமா, பஸ் வந்துட்டு" என்று ஓடிவிட்டாள். அவள் அப்படி எதுவும் சொல்லாமல் போகிற ஆள் இல்லை.

கௌதம்ராஜை டீக்கு அனுப்பிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். விதைத் தாள் இல்லை, கடை நூல் இல்லை. துவைத்து மடித்த பேண்டேஜ் துணியில் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, முனையை உள்ளே சொருகியிருந்தது. உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? சாமியைக் கும்பிட்டுவிட்டு இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். பல்லால் கடித்துத்தான் பிரித்தேன்.

வெள்ளை.

அழுதேன் அக்கா. டீ கொண்டுவந்த பையன்கூடப் பார்த்துவிட்டான். கௌதம்ராஜ், "என்னப்பா?" என்றான். "அத்தைக்குக் கையெழுத்துப் போட நான் வாரேன்ல" என்றேன். அவன் பில் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "கை நடுங்காம ரெண்டு தடவ எழுதிப் பாருங்க" என்றான். எழுதிப் பார்த்தேன். முதலாவது கோணல். இரண்டாவது பரவாயில்லை.

இன்னொரு பொட்டலம் என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்கப்போவதும் இல்லை. வியாழக்கிழமை நீ வெளியே வந்ததும் உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், வன்னியம்பட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. நானும் கூட வருகிறேன்.

நாளை சாயங்காலமே வந்து உன் வீட்டில் படுத்துக்கொள்கிறேன். பகலிலேயே பாயை எடுத்து வெயிலில் போடச் சொல். நீ எடுக்காதே, பாண்டீஸ்வரியின் மாமியாரிடம் சொல். ஃபிளாஸ்க் நான் கொண்டுவருகிறேன். மஞ்சள் பை உன்னிடம் இருக்கிறது, அதை எடுத்து வை. வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு வேண்டும்.

உன் தம்பி
இருளப்பசாமி